சோளகத்தில் வெறுங்கரை

வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறும் வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது மரியாதை. கதவைத் திறக்கிறவர் ஒன்றில் நம்மைத் தேர்தல் இடாப்புக்குப் பெயர் எழுத வந்தவர் என்று நினைப்பார், அல்லது உளவு பார்க்க வந்தவர் என்று நினைப்பார். இந்தத் தொழிலில் கால் வைத்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பதினொரு வருடம் இதில் குப்பை கொட்டியவள் நான். மன்னார்த் தீவின் தென்கரையில் கனிய மணல் அள்ளலாமா என்று பார்த்த சூழல் ஆய்வில் பட்டதை மட்டும் சொல்கிறேன். நான் உயிலங்குளத்தாள். வயல் தெரியும், குளம் தெரியும். கடல் என்றால் தீவுக்குப் போகும் பாலத்தில் பஸ் ஜன்னலால் பார்த்ததுதான்.

சரி போட்ட பெட்டி

ஆனி மாதம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மணலை அள்ளி வாய்க்குள் போட்டது. முதல் கேள்வி, 'இக்கரை தற்போது எதற்குப் பயன்படுகிறது?' கரையில் ஒரு வள்ளம் இல்லை, மீனவர் தங்கும் ஓலை வாடி இல்லை, நாய்கூட இல்லை. எங்கள் குழுத்தலைவர் கொழும்பிலிருந்து வந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இதிலென்ன யோசனை, எழுதுங்கள்" என்றார். 'பயன்பாட்டில் இல்லை' என்ற பெட்டியில் சரி போட்டேன். கீழே என் சுருக்கொப்பத்தையும் வைத்தேன்.

மத்தியானம் ஊருக்குள் மரியதிரேசாவின் வீடு. கணவர் கரைவலைச் சம்மாட்டி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலைக்குச் சொந்தக்காரர். சோளகத்தில் தென்கடல் மூர்க்கமாக இருக்கும், அதனால் வாடிகளைப் பிரித்து வலையையும் வள்ளத்தையும் வடகரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வாடைக்காற்று தொடங்கினால் திரும்பி வருவார்கள், இது காற்றோடு போய் வருகிற தொழில் என்று அந்த அக்கா சொன்னார். எனக்கு முகம் செத்துப்போனது. நான் சரி போட்ட தாள் அதற்குள் தலைவரின் கோப்புக்குள் போயிருந்தது, பிறகு திருத்தலாம் என்று விட்டுவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"கோடையில உங்கட வயல் காஞ்சு கிடக்கேக்க நான் வந்து பாத்திட்டு, இது ஆருக்கும் தேவையில்லாத காணியெண்டு எழுதினால் விடுவியளோ, தங்கச்சி?"

உப்பளக்கும் கருவி

அதே ஊர்ச் சூசை அண்ணரின் பனங்காணியில் முன்பு யாரோ மணல் சோதிக்கத் துளை போட்டு, மூடாமலே போயிருந்தார்கள். ஒரு துளைக்குள் கால் போய் அவருடைய கழுதை நொண்டியானது. துளை போட்ட பிறகுதான் கிணறு உவர்த்தது என்பது அவர் வழக்கு. குழுத்தலைவர் கருவியைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்து, ஏற்கத்தக்க அளவுதான் என்றார். சூசை அண்ணர் வாதாடவில்லை. உள்ளே போய் அதே தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். தலைவர் ஒரு மிடறு குடித்தார். மரியாதைக்கு இரண்டாவதும் குடித்தார். மூன்றாவதுக்கு முகம் இடம் கொடுக்கவில்லை.

"மெசின் சொன்னதையும் எழுதுங்கோ, நான் வேண்டாமெண்டேல்லை. பக்கத்தில தேத்தண்ணி உப்புக் கரிச்சதெண்டும் எழுதுங்கோ, குடிச்சது நீங்கள்தானே."

இரண்டு வரி

'கலாசார முக்கியத்துவம் வாய்ந்த இடங்கள்' என்ற கேள்விக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தது. மன்னார்க் கோட்டையும் பருத்த பழைய பெருக்கமரமும் போட்டால் போதும் என்பது தலைவரின் எண்ணம். மரியதிரேசா அக்கா வேறு கணக்குச் சொன்னார். கரையை வலை வளைக்கும் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு பாடு, ஒவ்வொன்றுக்கும் பெயர்: மாதா பாடு, கல்லடிப் பாடு, தாழங்காட்டுப் பாடு. வாடை தொடங்கும்போது கோயிலில் பூசை முடிய, பங்குச் சுவாமி முன்னால் சீட்டுக் குலுக்கி முதல் முறை யாருக்கு என்று எடுப்பார்கள். சீட்டு விழுந்த பிறகு அண்ணன் தம்பிக்குக்கூட விட்டுக்கொடுப்பு இல்லை. வேலி கிடையாது, காணி உறுதி கிடையாது, ஆனால் எது எங்கே முடிகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தாளின் ஓரத்தில் எழுதினேன், பின்பக்கத்தில் எழுதினேன், இன்னும் இரண்டு தாள் வாங்கி எழுதினேன். தலைவர் பார்த்துவிட்டு இவ்வளவுக்கும் இடமில்லை என்று தணிவாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கரை நீளமெண்டு தெரிஞ்சுதானே வந்தனீங்கள், பிறகேன் தாளைச் சின்னனாக் கொண்டந்தனீங்கள்?"

வரவுத் தாள்

ஐப்பசியில் கோயில் மண்டபத்தில் கூட்டம். வரைவு அறிக்கையைத் தலைவர் வாசித்தார். நான் பக்கம் பக்கமாக எழுதிய பாடுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. நான் சரி போட்ட பெட்டி மட்டும் அச்சொட்டாக இருந்தது: 'பயன்பாட்டில் இல்லாத கரை, தொழில் பாதிப்பு எவருக்கும் இல்லை.' அந்த ஒரு வரி நின்றால் போதும், கரைக்கு வேலி வந்துவிடும். அதற்குப் பிறகு வாடைக்கு அவர்கள் எங்கே திரும்பி வருவது?

வந்தவர்கள் ஒப்பமிட வைத்த வரவுத் தாள் கைமாறிக் கைமாறிப் போய் வெறுமையாகவே திரும்பி வந்தது. வேறோர் ஊரில் வரவுக்கு வைத்த கையெழுத்தைச் சம்மதக் கையெழுத்தாக்கிய கதை இவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த வரியை ஆர் எழுதினது என்று சூசை அண்ணர் கேட்டார். களத்தில் கிடைத்த தகவல் என்றார் தலைவர். களத்தில் தகவல் முளைக்குமா? எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது. எழும்பி, நான்தான் எழுதினேன், பிழையாக எழுதிவிட்டேன் என்றேன். கோப்பிலிருந்து அந்த மூலத் தாளை எடுத்து, அந்தச் சரியை வெட்டி, 'வாடைக்காலக் கரைவலைப் பாடுகள்' என்று எழுதி, இம்முறை முழுக் கையெழுத்தாகவே வைத்தேன். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதைத் தலைவர் காதோடு ஞாபகப்படுத்தினார். ஞாபகம் இருக்கிறது என்றேன். அதற்குள் மரியதிரேசா அக்கா பேனையோடு வந்துவிட்டார்.

"அந்தத் தாளை இஞ்ச தாங்கோ, தங்கச்சியின்ர கையெழுத்துக்குக் கீழ நாங்களும் வைக்கிறம். வரவுத் தாளை நீங்களே வைச்சிருங்கோ, சேர்."

கார்த்திகை

அத்தனை கையெழுத்து விழுந்த தாளைத் தலைவரால் தொலைக்க முடியவில்லை. கரையைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தில் என் கடைசிக் கிழமை அது. வாடை பிடித்திருந்தது. ஆனியில் நாய்கூட இல்லாத கரையில் வாடிகள் வரிசையாக நின்றன, வள்ளம், கயிறு, கருவாட்டுப் பாய், அந்தோனியார் படம் வைத்த சின்னக் கொட்டில். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் சந்தோஷம். தலைவர் வாகனத்தை மணலில் நிறுத்தினார். இடுப்பில் கட்டிய வலைக் கயிற்றை இழுத்துப் பின்னுக்கு நடந்து வந்த சம்மாட்டி, மரியதிரேசா அக்காவின் கணவர், எடுக்கச் சொன்னார். தலைவர் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கினார். சம்மாட்டி வணக்கமும் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை.

"அதுவும் பாடுதான், சேர். இன்னும் அங்கால எடுங்கோ, வலை வருகுது."

பதினொரு வருடத்தில் நான் ஒழுங்காக நிரப்பிய தாள் ஒன்று உண்டென்றால் அது என் கையாலேயே வெட்டி எழுதிய அந்தத் தாள்தான், அதற்குப் பிறகு என்னை எந்த ஆய்வுக்கும் யாரும் கூப்பிடவில்லை என்பதையும் என் தகுதிகளில் ஒன்றாகவே எழுதிவருகிறேன்.