தம்பி பேரில் எழுதிய பதில்கள்

எந்தத் தையல் மெஷினின் எந்தப் பாகத்தைக் காட்டினாலும், கையில் வாங்கிப் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்லிவிடுவாள் ஸ்டோர் அக்கா. துருப்பிடித்திருந்தாலும் சரி, பாதி உடைந்திருந்தாலும் சரி. ஒரு பெரிய துணிக் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். மெக்கானிக் யாராவது வந்து, "அக்கா, அந்தக் குட்டி ஸ்பிரிங், கொக்கி மாதிரி வளைஞ்சிருக்குமே" என்று விரலை ஆட்டினால் போதும், எத்தனையாவது டிராயர் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கம்பெனியை இழுத்து மூடின பிறகும் அது போகவில்லை.

மூடினபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "தம்பி படிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன். அவன் முடிக்கறதுக்குள்ள எனக்கே சலிச்சுப் போச்சு" என்று சிரிப்பாள். அப்படி அவள் படிக்க வைத்த தம்பி கம்ப்யூட்டர்காரன் ஆகியிருந்தான். வேலை போய் அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் அவன்தான் அந்த யோசனையோடு வந்தான்.

"அக்கா, உன் மண்டைக்குள்ள இருக்கறதை வெச்சு ஒரு வெப்சைட் போடலாம். பழைய மெஷினுக்கு பார்ட்ஸ் கிடைக்காம எத்தனை பேர் அல்லாடறாங்க தெரியுமா! நீ சொல்லு, நான் போடறேன். பாதி உனக்கு, பாதி எனக்கு."

"பேப்பர் கீப்பர் எதுவும் எழுத வேணாமாடா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"நமக்குள்ள என்னக்கா பேப்பர்?"

அவ்வளவுதான் ஒப்பந்தம். "நமக்குள்ள என்ன" என்ற அந்த நாசமாய்ப் போன வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. அது எத்தனை பேரை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது!

சலவைக் கடை ஒன்றின் மாடியில் ஒரே ஒரு அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டிராயர்கள், ஜன்னலோரம் கம்ப்யூட்டர், நடுவில் பார்சல் கட்டும் மேஜை. பார்ட்ஸ் விற்பதோடு, வெப்சைட்டில் கேள்வி-பதில் பக்கம் ஒன்றும் வைத்தார்கள். உடைந்த பாகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால், அது என்ன, எந்த மெஷினுடையது, கிடைக்காவிட்டால் வேறு எதைப் போட்டு ஓட்டலாம் என்று பதில் வரும். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

முதல் மாசமே, அக்கா தன் பெயரில் போட்ட ஒரு பதிலுக்கு ஒரு டெய்லர் எழுதினார்: "பொம்பளைக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்? விஷயம் தெரிஞ்ச ஆளைப் பேசச் சொல்லுங்க." அக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் எழுதின அதே பதிலை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், தன் பெயரைப் போட்டு மறுபடி அனுப்பினான். "ரொம்ப நன்றி சார், கரெக்டா சொன்னீங்க" என்று வந்தது. அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, இனிமே உன் பேர்லயே போட்டுத் தொலை. அவங்க மெஷின் ஓடினா சரி" என்றாள்.

அன்றிலிருந்து பதினொரு வருஷம் அவள் எழுதினாள், கீழே தம்பியின் பெயரும் மீசை வைத்த போட்டோவும் நின்றன. காலை ஏழரைக்கெல்லாம் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். மூன்று போட்டோ அனுப்புபவர்களும் உண்டு, மங்கலாக ஒன்று அனுப்பிவிட்டு உயிரை எடுப்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் பதில் போகும். தம்பி வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பான். "சார்னு கூப்பிட்டு ஒரே மரியாதைதான் எனக்கு" என்று கிண்டல் செய்வான். மாசம் ஒரு தொகையை அவள் கணக்கில் போடுவான். அது பாதிதானா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் தம்பிக்கு வெப்சைட்டை விற்கும் ஆசை வந்தது. அக்காவுக்கு மனசே இல்லை. ஆனால் கண் முன்போல இல்லை, வாடகை வீடும் அலுத்துவிட்டது. வரும் பணத்தில் பாதி கிடைத்தால் சின்னதாக ஒரு சொந்த வீடு பார்த்துக்கொள்ளலாம். யோசித்துச் சரி என்றாள். "வாங்கறவங்க பதில் எழுதறதை மட்டும் நிறுத்தக் கூடாது. அதை நானே அவங்ககிட்ட சொல்லணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தம்பியும் தலையாட்டினான்.

விலை மதிப்பிட ஒருவர் வந்தார். மாச லாபம் எவ்வளவு, எத்தனை பேர் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று இரண்டு நாள் குடைந்தார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, "சார், உங்க சரக்குக்கு பெரிய விலை கிடையாது. அது யார்கிட்ட வேணா கிடைக்கும். வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இந்தப் பதில்களைத் தேடித்தான் வர்றாங்க. மூவாயிரத்துச் சொச்சம் பதில்! இதுதான் சார் சொத்தே. எல்லாம் நிஜமாவே நீங்களே எழுதறதா?" என்றார்.

மேஜையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. முகத்தில் தானாகவே ஒரு சிரிப்பு வந்தது. தம்பி அவள் பக்கம் கையைக் காட்டுவான் என்று பார்த்தாள்.

"எல்லாம் நம்ம கைவண்ணம்தான் சார்" என்றான் தம்பி.

நம்ம என்று பொதுவாகத்தானே சொன்னான் என்று அவள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். பாவி மனசு அப்படித்தான். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் எதையாவது பிடித்துக்கொண்டு நம்பும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. வழக்கம்போல வாடிக்கையாளர்களின் கேள்விகளைத் திறந்தவளுக்கு, நடுவில் வேறு மாதிரி ஒரு கடிதம் தட்டுப்பட்டது. வெப்சைட்டை வாங்க இருந்த முதலாளி ஒருவர், தம்பியின் சொந்த முகவரிக்கு அனுப்ப வேண்டியதைக் கடையின் பொது முகவரிக்கே அனுப்பிவிட்டிருந்தார். விலை முடிந்தது, முன்பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டிருந்தார். அடியில் அவர்கள் இருவரும் அதுவரை எழுதிக்கொண்டது முழுவதும் தொங்கியது.

அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரே ஆளை நம்பி நிற்கும் தொழிலா என்று முதலாளி கேட்டிருந்தார். தம்பி பதில் எழுதியிருந்தான்: "இல்லை. பதில்கள் அனைத்தும் நான் எழுதியவை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும், உங்களுக்கும் கற்றுக்கொடுத்துவிடுவேன். பார்சல் கட்ட ஒரு பெண் சம்பளத்துக்கு இருக்கிறார். அவரை நிறுத்திவிட்டாலும் தொழிலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை."

அதற்கும் கீழே, தம்பியைச் சோதித்துப் பார்க்க முதலாளி அனுப்பிய போட்டோ ஒன்று. நாலு பாகங்கள், அவற்றில் இரண்டு உடைந்தவை. பெயர் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அக்காவுக்கு அந்தப் போட்டோ நன்றாக ஞாபகம் இருந்தது. யாரோ கேட்கிறார்கள் என்று தம்பி போனில் அனுப்பினான். நாலுக்கும் பெயர் சொன்னதோடு விடாமல், மூன்றாவதைத் திருப்பி மாட்டியதால்தான் உடைந்திருக்கிறது என்றும் சந்தோஷமாக எழுதி அனுப்பினாள். "பிரமாதம், உங்கள் அறிவுக்குத்தான் பணம் கொடுக்கிறேன்" என்று முதலாளி தம்பிக்குப் பாராட்டு எழுதியிருந்தார்.

அவளை வைத்தே அவளை விற்றிருக்கிறான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, கழுத்தை அவளையே நீட்டிக் கொடுக்க வைத்து அறுத்திருக்கிறான். அன்று காலை எந்தக் கேள்விக்கும் பதில் போகவில்லை.

தம்பி வந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"யாருடா அந்தப் பொம்பளை, சம்பளத்துக்கு இருக்கிறவ?"

தம்பி கடிதத்தை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தான். பிறகு, "அப்படிச் சொன்னாதான்க்கா விலை நிக்கும். நீதான் எல்லாம்னு சொன்னா, நீ நாளைக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னு பாதி விலைக்குக் கேப்பாங்க. சும்மா பேப்பருக்காகச் சொன்னது" என்றான்.

"சரி, என் பாதி?"

"அதுதான்க்கா சிக்கல். பேப்பர்ல நீ பங்குதாரர் கிடையாதே. ஒரு வருஷச் சம்பளம் மாதிரி போட்டுத் தர்றேன்."

"சம்பளமா? நானாடா சம்பளத்துக்கு இருந்தேன்? உன்னைத் தூக்கி வளத்த கை இது!"

"உன் பேரு எங்கேயாவது இருக்கா சொல்லு. மூவாயிரம் பதில்லயும் என் பேருதானே இருக்கு?"

அவன் சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை. அதைவிடக் கொடுமை, கொஞ்ச நேரத்தில் அவனே கெஞ்ச ஆரம்பித்தது. நாளை வீடியோவில் முதலாளிக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். அது சரியாக நடந்தால்தான் மீதிப் பணம் வருமாம். "நீ பக்கத்துல இரு அக்கா. நானே உன்னைப் பத்தி அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். உன் பங்கையும் பேசி முடிச்சுடறேன். சத்தியமாக்கா."

ராத்திரி முழுக்கப் புரண்டவள் காலையில் போனாள். பணம் வராவிட்டாலும் தொலையட்டும், இவள்தான் எழுதினாள் என்று அவன் வாயால் ஒரு தடவை சொல்லட்டும் என்றுதான் போனாள். கேமராவில் விழாத மாதிரி நாற்காலியைத் தள்ளிப் போட்டிருந்தான். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

திரையில் முதலாளி வந்தார். தலை நரைத்த, பொறுமையான மனிதர். நலம் விசாரித்துவிட்டு, உள்ளங்கையில் கறுப்பாக ஒன்றை வைத்து நீட்டினார். "சார், காலைல ஒருத்தர் அனுப்பினார். இது என்ன பார்ட்?"

தம்பி கண்ணை இந்தப் பக்கம் திருப்பினான். அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அவன் தொண்டையைச் செருமினான், காலால் அவள் நாற்காலியைத் தட்டினான்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா சார்?" என்றார் முதலாளி.

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்தாள். சொல்லுடா, இப்போதாவது சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"அது ஒண்ணும் இல்ல சார். வேலைக்கு இருக்கிறவங்க" என்றான்.

அக்கா எழுந்தாள். குனிந்து, திரையில் தன் முகம் முழுசாகத் தெரியும்படி நின்றாள்.

"ஆமா சார், வேலைக்கு இருக்கிறவதான். மூவாயிரம் பதிலும் எழுதற வேலை. பதினொரு வருஷமா இருந்தேன். இன்னையோட நின்னுட்டேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பாள், பின்னால் தடதடவென்று அவன் ஓடி வரும் சத்தம் கேட்டது. "அக்கா! அக்கா!" சின்ன வயசில் பள்ளிக்கூட வாசலில் அவளைக் காணாவிட்டால் இதே குரலில்தான் கத்துவான். பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திரும்பியும் பார்த்தாள்.

தம்பி மேல்படியில் மூச்சிரைக்க நின்றான்.

"போறதுதான் போற, அந்த பார்ட் பேரை மட்டும் சொல்லிட்டுப் போக்கா. அவர் லைன்ல இருக்காரு."