பதினைந்தா, பதின்மூன்றா?

சின்னம்மாவைக் கட்ட வந்தவர் பொய்யர் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. யாரையும் நம்பமாட்டேன்.

அவர் கண்டியில் வளர்ந்த தமிழர். பிறம்ரனில் சின்னம்மா வேலை செய்த வெயர்ஹவுசில் பெட்டி ஏற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவில் நாங்கள் அகதிகளாக வந்து இருந்த அப்பாட்மென்ருக்குத் தேத்தண்ணி குடிக்க வருவார். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இலங்கை அணிக்காக ரக்பி விளையாடி உடைந்ததாம். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்றார். அடுத்த கிழமை பதின்மூன்று பேர் என்றார். அட, ஆள் பிடிபட்டுவிட்டார்! அவர் லிஃப்ற் ஏறுமுன்னே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வடக்கில் எங்கள் ஊரில் கிரிக்கெட்டும் உதைபந்தும்தான். ரக்பியை யார் கண்டார்?

"உவன் நல்லாப் புளுகுறான். புளுகட்டும். கலியாணத்துக்கு முன்னம் ஆர்தான் புளுகேல்லை?"

"குடி இல்லை, அதுவே காணும், வேற என்ன வேணும்" என்றார் அம்மா.

சின்னம்மாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்குத் தலை பின்னிவிடவும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது.

பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் இங்கிலாந்துக்காரர். அவரைக் கேட்டேன். ரக்பியில் இரண்டு வகை உண்டாம்: ஒன்றுக்குப் பதினைந்து பேர், மற்றதற்குப் பதின்மூன்று. இரண்டிலும் நாட்டுக்காக ஆடுவது லேசுப்பட்ட காரியமில்லையாம்.

ஞாயிறு வரை எப்படிப் பொறுத்தேனோ! அவர் வந்து இருந்ததும் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"அங்கிள் பொய் சொல்லேல்லை! ரெண்டு ரக்பியும் இருக்கு!"

அவருக்கு வாயெல்லாம் பல். பேர்சுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அணியின் நடுவில் அவர். நெஞ்சில் இலங்கைக் கொடியின் சிங்கம் போட்ட சட்டை.

அப்பா சிரிக்கவில்லை.

"அப்ப, உண்மையாத்தான் விளையாடினனீர்."

"ஓம் அண்ணை."

"நீர் உந்தச் சிங்கத்தைப் போட்டுக்கொண்டு ஓடேக்கை நாங்கள் ஆமியின்ர குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்தனாங்கள்."

"எனக்கு விளையாட மட்டும்தான் தெரியும், அண்ணை."

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடும். இனி இஞ்ச வரவேண்டாம்."

அவர் குடிக்காமலே எழுந்தார். அப்பா இன்னும் நம்பவில்லை என்றே நான் நினைத்தேன். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, பதினைந்தையும் பதின்மூன்றையும் முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினேன். சின்னம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.