மூன்று சொன்னால் கையெழுத்து

அவளுடைய வேலை மூன்று வரை எண்ணுவது. ஆவணங்களில் அதற்குக் கூட்டு அலுவலகக் கண்காணிப்பாளர் என்று பெயர். அடித்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பையும் ஒரே அரசில் உட்கார வைத்தபோது, இரு தலைவர்களும் கையெழுத்திட்டால்தான் எந்த ஆணையும் செல்லும் என்று எழுதினார்கள். யார் முதலில் போடுவது என்று எழுத மறந்தார்கள். முதல் வாரமே அதற்கொரு சண்டை. அதன்பின் இரண்டு பிரதி, இரண்டு பேனா, நடுவில் இவள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் இரண்டு பேனாவும் ஒன்றாக இறங்கும். தலை நரைத்த இரண்டு பெரிய மனிதர்கள், ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல. பதினோரு வருடமாக அவள் சிரிக்காமல் எண்ணினாள்.

ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினால் மற்றவர் பதவியும் போகும், அரசைப் பூட்டிவிடுவார்கள். ஐந்து முறை பூட்டியாயிற்று. ஒரு முறை காரணம், யார் அறை வாசலில் விரிப்பு நீளம் என்பது.

அவள் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் பேருந்தில் வேறு ஊருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிறான். உள்ளூர் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கும் ஆணை இரண்டு வருடமாக அவள் மேசையில்தான் கிடக்கிறது. இயந்திரம் எந்தத் தரப்பின் தெருப்பக்கம் நிற்பது என்று தலைவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அதனால், இந்த விதிகளைத் தளர்த்த ஒரு குழு எழுதிய சீர்திருத்த வரைவை அவள் ஆசையோடு தட்டச்சு செய்தாள். ஒருவர் விலகினாலும் மற்றவர் ஆறு மாதம் ஆட்சியை நடத்தலாம். மருத்துவத்துக்கு ஒரு கையெழுத்தே போதும். அதற்காகக் குழு பதினான்கு மாதம் கூடியது. அதில் நான்கு மாதம் நாற்காலிகளின் உயரத்தைப் பற்றியது.

கையெழுத்து நாளன்று அவள் "மூணு" என்றாள். ஒரு பேனாவும் இறங்கவில்லை.

"சரியாத்தானேம்மா எண்ணினீங்க?" என்றார் கிழக்கு அறைத் தலைவர்.

"எண்ணினேங்க ஐயா."

"அவரு போடலையே."

"நீங்க போடுங்களேன், யாரு கையப் புடிச்சா?" என்றார் மேற்கு அறைத் தலைவர்.

"நான் முந்திட்டா, தனியா ஆள ஆசைப்பட்டுப் பறக்குறான்னு உங்க ஆளுங்க மேடை போட்டுப் பேசவா? நல்லா இருக்கே கதை."

இன்னும் இரண்டு முறை எண்ணினாள். பேனா முனைகள் தாளுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றன. இத்தனை வருடம் முந்தத் துடித்தவர்கள், இப்போது பிந்தப் போட்டி போட்டார்கள். பிறகு இருவரும் எழுந்து போனார்கள்.

வாசலில் நிருபர் கூட்டம். மற்றவர்தான் மறுத்தார் என்று ஆளுக்கொரு மைக்கில் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி, கேமராக்களுக்கு முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு பேருமே போடல. மூணு தடவ எண்ணினேன். நீங்களே பாத்துக்குங்க."

"நீங்க யாரும்மா?"

"எண்ணுறவ."

கோபத்தில் இருவரும் விலக, அரசை ஆறாம் முறையாகப் பூட்டினார்கள். பூட்டிய பிறகும் அலுவலக நடைமுறை ஆணைகளில் மட்டும் இருவரும் கையெழுத்திடலாம். அவளைப் பணியிடை நீக்கம் செய்யும் ஆணை மாலைக்குள் கைக்கு வந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தன, பிசிறில்லாமல்.

தம்பிக்குப் போன் செய்தாள்.

"வியாழக்கிழமை நானும் கூட வரேன்டா. இப்ப எனக்கு லீவுதான்."

"மெஷின் என்னாச்சுக்கா?"

"பஸ்ல நாலு மணி நேரம் இருக்குல்ல, சொல்றேன்."