போர் என்றால் அப்பா

போன வாரம் அண்ணன் மகள் போனில், "அத்தே, சைக்காலஜியை மைனரா எடுத்திருக்கேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் மைனர் என்றால் சில்க் ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாகத் திரிகிற ஆள். அந்தப் பாடத்தைத்தான் நானும் சேலத்தில் படித்தேன். அப்போது அதற்குப் பெயர் அலைடு. வரலாறு மெயின், உளவியல் அலைடு. ஆசைப்பட்டு எடுத்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசியல் அறிவியலில் இடம் தீர்ந்துபோய், மிச்சமிருந்தவர்களை அங்கே தள்ளிவிட்டார்கள். "மனசைப் பத்திப் படிக்கிறதுக்கு எதுக்கு காலேஜு? உங்கம்மாகிட்டக் கேட்டாப் போதாதா?" என்றார் அப்பா. அவருக்கு ரயில்வேயில் வேலை. சூரமங்கலம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காத ஜாதி நான்.

உளவியலுக்கு லேப் உண்டு என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்ப மாட்டார்கள். எங்களுக்கு இருந்தது. விலங்கியல் லேபுக்குப் பக்கத்து அறை. சுவரைத் தாண்டி பார்மலின் வாடை வந்துகொண்டே இருக்கும். எங்காவது ஆஸ்பத்திரியில் அந்த வாடை அடித்தால் எனக்கு ஸ்டாப்வாட்ச்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மூன்று ஸ்டாப்வாட்ச் இருந்தன. ஒன்று ஓடும், ஒன்று தட்டினால் ஓடும், ஒன்று இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வரும்போது மட்டும் மேஜைமேல் உட்காரும். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைய வேண்டும் என்று ஒரு சோதனை. நான் வரைந்தது நசுங்கின பப்பாளி மாதிரி வந்தது. மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சென்னைக்காரர், நல்ல மனுஷி, புதிதாக வேலைக்கு வந்தவர்.

இரண்டு பாடம் முடிவதற்குள் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அம்மா கரண்டியைக் கீழே போட்டால், "உள்மனசுல யார் மேல கோபம்?" என்று கேட்பேன். "உன் மேலதான்டி" என்பாள். கண்டக்டர் சில்லறை கொடுக்க மறந்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பேன். அரைக்குடம் தளும்பும் என்பார்களே, நான் கால்குடம்கூட இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவள் பூங்கொடி. சங்ககிரிப் பக்கம் ஒரு கிராமம். காலைப் பாசஞ்சரில் வந்து ஜங்ஷனில் இறங்குவாள். நான் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். அங்கிருந்து காலேஜுக்கு டவுன் பஸ். அவள் டப்பாவிலிருக்கும் கொள்ளுப் பருப்புச் சோறும் என் டப்பாவின் எலுமிச்சைச் சோறும் பஸ்ஸிலேயே கைமாறிவிடும். சாயங்காலம் ரயிலேறும்போது, "வாரேன் புள்ள" என்பாள். அதைக் கேட்காமல் நான் வீட்டுக்குத் திரும்பியதில்லை. அவள் அப்பா 'வண்டியில' வடக்கே எங்கேயோ இருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரியும். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்தில் வண்டி என்றால் லாரிதானே என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் சொல் சோதனை வந்தது. நாம் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் மனதில் தோன்றும் முதல் சொல்லைச் சொல்ல வேண்டும். எத்தனை விநாடி ஆனது என்று குறிக்க வேண்டும். தாமதித்தால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மனசில் ஏதோ மறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். மேடம் ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டியல், மொத்தம் ஐம்பது சொல். பூங்கொடியை உட்காரவைத்தேன். பால் என்றேன், மாடு என்றாள். நாய் என்றேன், கடி என்றாள். கல்யாணம் என்றதற்கு "சீ போ" என்றாள்; அது கணக்கில் வராது என்று திரும்பக் கேட்டு, பந்தி என்று எழுதிக்கொண்டேன்.

"போர்" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது, ஐந்து, எட்டு, பதினொன்று. பதினான்காவது விநாடியில், "அப்பா" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் படித்தது அப்படியே கண்முன்னால்! அன்றைக்கே ரெக்கார்டில் எழுதினேன்: 'போர் என்ற சொல்லுக்கு நீண்ட தாமதத்துக்குப் பின் அப்பா என்ற பதில். இவருக்கு ஆழ்மனதில் தந்தையின்மீது பகை உள்ளது.' பெயர் எழுதக் கூடாது என்பது விதி. நானும் ஒழுங்காக 'பூ.கொ., பெண், சங்ககிரி' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் சங்ககிரியிலிருந்து வருகிறவள் அவள் ஒருத்திதான். என் மூளையை என்னவென்று சொல்ல!

மேடத்துக்கு ரொம்பப் பிடித்துப்போய் வகுப்பில் உரக்கப் படித்தார். முடித்ததும் பூங்கொடி எழுந்து நின்றாள்.

"மேடம், எங்கப்பா போர் வண்டியில இருக்காருங்க."

"வார்லயா? மிலிட்டரியா?"

"இல்லீங்க மேடம். போர் போடற வண்டிங்க. பூமியில கொழாய் எறக்கித் தண்ணி எடுக்கறது. மூணு மாசமாக் கடுதாசி இல்லைங்க. அதான் சொல்றதுக்கு நேரமாச்சுங்க."

கடைசி பெஞ்சிலிருந்து ஜேடர்பாளையத்துப் பெண் ஒருத்தி, "ஏனுங்க மேடம், போர்ங்கறது வைக்கப்போர் இல்லீங்களா? நான் மாடுன்னு சொல்லிட்டேனுங்களே" என்றாள். அவள் ஊரில் காவிரி, நெல், வைக்கோல். வகுப்பே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பூங்கொடி உட்கார்ந்தாள். அவள் சிரிக்கவில்லை. பட்டியலில் அந்த ஒரு சொல்லுக்குச் சண்டை என்று பதில் சொன்னவள் வகுப்பில் நான் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஜங்ஷனில் நான் நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். "மன்னிச்சுக்கடி" என்று இரண்டு தடவை சொன்னேன். "எதுக்கு? நீ படிச்சதை எழுதினே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எலுமிச்சைச் சோற்றை நானே தின்றேன், இறங்கவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது. அவளை அடியோடு இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மழைக்காலத்தில் வடக்கே போர் வேலை நின்றுவிடும், வண்டி ஆட்களெல்லாம் ஊருக்கு வருவார்கள் என்று ஜேடர்பாளையத்துப் பெண்தான் சொன்னாள். பூங்கொடியின் அப்பாவும் வந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரைப் பிடித்துச் சங்ககிரி போனேன், விசாரித்துக்கொண்டே ஊர் சேர்ந்தேன். அவர் காலில் விழுந்தாவது நான் எழுதினதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு.

வாசலில் கயிற்றுக்கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். பெரிய உருவம். கடுதாசி எழுதிக் கொடுக்கிற டிரைவர் வேறு வண்டிக்கு மாறிவிட்டதால் சேதி சொல்ல முடியவில்லையாம், அவ்வளவுதான் விஷயம் என்று பிறகு தெரிந்தது. நான் பேச ஆரம்பித்தேன். என் வாயையே உற்றுப் பார்த்தார். வருஷக்கணக்காகக் கம்ப்ரஸர் சத்தத்தில் நின்று காது போயிருந்தது. உள்ளே திரும்பி, "சாமி! ஆரு இந்தப் புள்ள?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி மகளைக் கூப்பிட்டார்.

பூங்கொடி வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கூடப் படிக்கறவ" என்றாள் மெல்ல.

"என்னது?"

"கூடப் படிக்கறவங்கப்பா!"

"ஆரு படுத்துக்கிட்டா?"

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். பூங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காதோரம் குனிந்தாள். என்ன நினைத்தாளோ, "சிநேகிதிங்கப்பா! என்ற சிநேகிதி!" என்று கத்தினாள்.

"அப்புடிச் சொல்லு! சிநேகிதியை ஆராச்சும் வாசல்ல நிக்க வெப்பாங்களா? ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போ சாமி" என்றார் அவர். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு. "எருமை, அழுவாதே. ஊரே பாக்குது" என்றாள்.

திங்கட்கிழமை ரெக்கார்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, 'சோதனை செய்தவருக்குப் போர் என்றால் என்னவென்று தெரியவில்லை' என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். பிறகு பத்துக்கு ஆறு போட்டார்.

அந்த லேப் இப்போது இல்லை. கம்ப்யூட்டர் வைத்துக் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள். ஸ்டாப்வாட்ச் மூன்றும் பழைய சாமான்களோடு எங்கே போயினவோ. மூன்று மாதம் கடுதாசிக்குக் காத்திருக்க வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை, எந்த ஊர் வண்டியிலிருந்தும் வீடியோவில் முகம் பார்க்கலாம். கடைசிவரை மகளோடேயே இருந்த பூங்கொடியின் அப்பா போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, உறவுக்கூட்டம் கலைந்தபிறகு நான் போனேன்.

"வாடி! உக்காரு! காப்பி வெக்கட்டுமா?" என்று அடுக்களையிலிருந்து கத்தினாள். கத்திவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வீடு அத்தனை அமைதியாக இருந்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கத்திக் கத்தியே பழகிப்போச்சு புள்ள. இனி ஆருக்குக் கத்தறது?" என்றாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்னது? கேக்கல, சத்தமாச் சொல்லு" என்றேன்.