வாக்குத்தத்த அட்டையில் லிவியாதான்

கோவில்பட்டியில் எங்கள் சபை சின்னது. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை நாங்கள் அச்சகத்தில் வாங்குவதில்லை. மார்கழியில் பெண்கள் சங்கீதங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, ஆறுதலான வசனங்களை எழுதித் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். யார் கைக்கு எது வருகிறதோ, அதுவே அந்த வருஷம் முழுமைக்கும் அவருக்குக் கர்த்தரின் வார்த்தை.

அந்தப் புத்தாண்டுப் பிற்பகலில் எதிர்வீட்டு அம்மாள் தன் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். உளுந்து அறுப்பு நடந்த சமயம் அது. அவர் சத்துணவு அமைப்பாளர், கணவரை இழந்தவர். ஒரே மகளுக்குக் கப்பலில் அதிகாரிப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்தது. தை மாதம் போய்ச் சேர வேண்டும்.

"அண்ணாச்சி, இந்த அட்டையை வாசிங்க. எல்லாருக்கும் மேய்ப்பன், கேடகம்னு வருது. எனக்கு மட்டும் பூதம் வந்திருக்கு."

கடலில் கப்பல்கள் ஓடுவதையும், அங்கே விளையாட லிவியாதான் என்ற பெரிய கடல் மிருகத்தைக் கடவுள் படைத்ததையும் சொல்லும் வசனம்.

"எந்தப் புண்ணியவதி எழுதினாளோ!"

"நான்தாம்மா," என்றாள் மகள். "கப்பல் வருதேன்னு ஆசையா எழுதினேன். அது உன் கையிலயா வந்து சேரணும்?"

"ஏட்டி, கப்பலைப் பார்த்தியே, பக்கத்துல கிடக்கதைப் பார்த்தியா? உன்னை அனுப்ப மாட்டேன். கர்த்தரே சொல்லியாச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார்; எதையும் காலவரிசையில் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் லிவியாதானைப் பற்றி எந்த வசனம் முந்தியது என்பதில் அறிஞர்களுக்கே ஒற்றுமை இல்லை. அதனால் தெரிந்ததை மட்டும் சொன்னேன். சில சங்கீதங்களில் அது பல தலையுள்ள பகை, கடவுள் அதன் தலைகளை நசுக்குகிறார். தீர்க்கதரிசிகள் எகிப்தின் ராஜாவையும் பாபிலோன் ராஜாவையும் அப்படிப்பட்ட மிருகமாகவே பார்த்தார்கள். யோபுவிடமோ, ஒரு விவசாயச் சம்சாரி தன் காளையைப் பற்றிப் பேசும் தோரணையில் கடவுள் அதைப் பற்றிப் பெருமை பேசுகிறார். "உங்க அட்டையில இருக்கது விளையாடுத பிள்ளைம்மா," என்றேன்.

"யோனா தீர்க்கதரிசியை மீன் விழுங்கலையா?" என்றார் அம்மா.

"கப்பல்ல இருந்து கடல்ல தூக்கிப் போட்டுட்டாங்க. மீன் விழுங்காட்டா முங்கிச் செத்திருப்பார். கரையில கொண்டு விட்டதும் அந்த மீன்தான்."

"ஓசிச் சவாரி," என்று மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"சரி, வேதத்துல கடைசிப் புஸ்தகத்துல சமுத்திரமே இல்லாமப் போச்சுன்னு இருக்குல்லா. நல்லதா இருந்தா எதுக்கு இல்லாமப் போகணும்?"

அதே புத்தகத்தில் கடலிலிருந்து எழும் மிருகம் ரோம சாம்ராஜ்யம் என்று படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். அவர் கேட்டது ரோமைப் பற்றி அல்ல.

"அதை எழுதினவர் ஒரு தீவுல தனியாக் கிடந்தார். சுத்திக் கடல். சொந்த ஜனமெல்லாம் அக்கரையில."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவிய பயந்தது பூதத்துக்கு இல்ல, அண்ணாச்சி. பிரிஞ்சு கிடக்கதுக்கு."

பிறகு மகளிடம் திரும்பினார். "தினமும் பேசணும். சிக்னல் இல்லைன்னு கதை விடக் கூடாது."

"கடல் நடுவுல நிசமாவே இருக்காதும்மா."

"கிடைக்கிற அன்னைக்குச் சேர்த்துப் பேசு."

பொங்கல் கழிந்து ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். மகளின் பெட்டியைத் தூக்க முடியவில்லை.

"யம்மா, இவ்வளவு காராச்சேவையும் யாரு திங்க?"

"விளையாட ஒண்ணு வருமுல்லா, அதுக்கும் கொடு."

வண்டி போன பிறகு அட்டையைப் பற்றிக் கேட்டேன், மகளிடம் கொடுத்து அனுப்பினாரா என்று.

"அது எனக்குல்லா வந்தது," என்று கைப்பையைத் தொட்டுக் காட்டினார்.