சைடு காரில் அரிசி மூட்டை

அந்த சைடு காரில் உட்காரவே மாட்டேன் என்று என் கணவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஊர்ப் பரேடுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அமெரிக்காவில், காப்பெலில் எங்கள் வீட்டு கராஜில் நானே பிரித்து, நானே பூட்டிய போர்க்கால மோட்டார் சைக்கிள் அது. பரேடில் நான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் அவர் உட்கார்ந்து வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அந்த வண்டியைப் பற்றி ஆரம்பித்தால் என் வாய் ஓயாது. ஆரம்பத்தில் சைடு கார் என்பது சும்மா இழுபட்டு வந்த பெட்டிதான். இரண்டாம் உலகப் போரில் சேற்றிலும் மணலிலும் பின்சக்கரம் சுற்றிச் சுற்றிப் புதைந்தது. ஜெர்மன்காரர்கள் பார்த்தார்கள், சைடு கார் சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவையைக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ரிவர்ஸ் கியர். மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர், என்ன மூளை பாருங்கள்! என்னுடையதும் அந்த வகைதான். முதன்முதலில் அது பின்னால் நகர்ந்தபோது கராஜில் குதித்தேன். கடைசியில் ஜீப் வந்து இதன் பிழைப்பில் மண்ணைப் போட்டது. ஜீப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

சிக்கல் ஒத்திகையில் வந்தது. சென்னையில் கல்லூரி நாட்களில் அப்பாவின் சைடு கார் வைத்த ஸ்கூட்டரை ஓட்டியவள் நான். எனக்குத் தெரியாததா என்ற திமிர். சைடு காரில் பாரத்துக்குப் பொன்னி அரிசி மூட்டை ஒன்றை வைத்து, காலி பார்க்கிங் லாட்டில் கிளம்பினேன். சென்னையில் சைடு கார் இடது பக்கம், அதனால் இடது திருப்பத்தில்தான் அதன் சக்கரம் மேலே தூக்கும். இங்கே அது வலது பக்கம். மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. இடது திருப்பத்தில் ஊர்ந்தேன், வலது திருப்பத்தில் ஜம்மென்று வளைத்தேன். சைடு கார் எழும்பிப் பொத்தென்று விழுந்தது. மூட்டை பிரிந்து எங்கு பார்த்தாலும் அரிசி. ஓரமாக நின்று என் கணவர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன அரிசியா, கொட்டினா அள்ளிக்கறதுக்கு?" என்றார்.

"நீங்க வரவே வேணாம். அரிசி மூட்டையே போதும். அது குறை சொல்லாம வரும்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு வாயில் பூட்டு கிடையாது.

அந்த வாரம் தினமும் போய் வலது திருப்பத்தையே பழகினேன். போரில் சைடு காரில் இருந்த சிப்பாய் சும்மா உட்கார்ந்து வரவில்லை, சக்கரம் தூக்கப் பார்த்தால் வெளியே சாய்ந்து வண்டியை அழுத்திப் பிடிப்பான். இதைச் சாப்பாட்டு மேஜையில் சுவரைப் பார்த்துச் சொன்னேன். எதிரே அவர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

பரேடு அன்று காலை கராஜுக்குப் போனால் சைடு காரில் வைக்க வாங்கியிருந்த புது அரிசி மூட்டையைக் காணோம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மூட்டை எங்க?"

"பேன்ட்ரில வச்சுட்டேன்" என்றார் சைடு காரிலிருந்து. தலையில் ஹெல்மெட்.

"பயமா இல்லையா?"

"இருக்கு. நீ ஸ்டார்ட் பண்ணு."

பரேடு தொடங்கும் இடத்துக்குப் போகும் வழியிலேயே ஒரு வலது திருப்பம் வந்தது. வேகத்தைக் குறைத்து வளைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் பாதி உடம்பை வெளியே தள்ளிச் சாய்ந்திருந்தார். சக்கரம் தரையை விட்டு எழும்பவே இல்லை.

"உன் அரிசி மூட்டை இப்படிச் சாயுமாடி?" என்று கத்தினார்.

"சாயாதுங்க" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. பரேடு முடிந்ததும் இன்னொரு முறை சொன்னேன்.