கான் ஓரத்து ஞாயிறுகள்

இங்கே சும்மா நடப்பவர்கள் யாரும் இல்லை. இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனைக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிறு மாலை வீட்டைப் பூட்டிவிட்டுத் தேயிலைக்கு நடுவே நடந்தேன். எதிரே வந்த நான்கு பேரும் நின்று, "யாருக்குங்கம்மா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்கள். காற்று வாங்கப் போகிறேன் என்றேன். நம்பவில்லை. வாரம் ஆறு நாள் கூடையோடு இந்த மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஏழாம் நாளும் நடப்பது பைத்தியமாகத்தான் தெரிந்திருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கொல்லையை ஒட்டியே வாய்க்கால் ஓடும். கல்யாணமாகி, விசா வாங்கி, கப்பலேறி, இங்கே தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருக்கும் கணவரிடம் வந்தபோது என் கண் முதலில் தேடியது தண்ணீரைத்தான். மூன்றாம் வாரம் அது கிடைத்தது. ஃபாக்டரியின் டர்பைனுக்குத் தண்ணீர் கொண்டுவர, ஓடையிலிருந்து மலையின் இடுப்பைச் சுற்றி வெட்டிய வாய்க்கால். கான் என்கிறார்கள். ஒரு தாவலில் தாண்டிவிடலாம். ஆனால் மேட்டூர் திறக்கும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வருஷம் முழுக்கக் குளிரக் குளிர ஓடுகிறது. கரையில் பன்னை என்கிற பெரணி இலைகள் நனைந்து தொங்கும். தனியாகப் போகாதீர்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பாக்கியம் கூட வர ஆரம்பித்தாள். கொழுந்தெடுப்பவள், என் வயதுதான். அந்தக் கானுக்குப் பக்கத்திலேயே பிறந்தவள், அது ஓடையிலிருந்து பிரியும் தலைப்பை என்னோடுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அது தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கருக்குப் பிடிக்கவில்லை. "அம்மா லயத்து ஆளோட சுத்துறது நல்லா இல்லீங்க" என்று என் கணவரிடம் சொன்னார். என் கணவர் என்னிடம் சங்கடத்தோடு, "கொஞ்ச நாளைக்கு வேணாமே" என்றார். இரண்டு ஞாயிறு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சுவரைப் பார்த்துப் பார்த்து ஊர் ஞாபகம்தான் வந்தது. மூன்றாம் ஞாயிறு மழை விட்டதும் பாக்கியத்தைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் கரை கசிவதைப் பார்த்தோம். முதலில் நண்டு வளையளவு ஓட்டை. நாங்கள் குனிந்து பார்ப்பதற்குள் ஒரு பானை நுழையும் அளவு ஆகிவிட்டது. கீழே ஃபாக்டரியில் நேற்றுப் பறித்த கொழுந்து உருளை மெஷினில் கிடந்தது. டர்பைன் நெடுநேரம் நின்றால் அத்தனையும் வீண்.

"ஓடிப்போய் தலைப்புப் பலகையை இறக்கு, அடைக்கிறவரைக்கும் தண்ணி நிக்கட்டும்" என்றேன்.

பாக்கியம் ஓடினாள். போகும்போதே தலையில் போட்டிருந்த கம்பளியை உருவி என்னிடம் எறிந்தாள். உடைப்பு அடைப்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் அப்பாவோடும் அண்ணன்களோடும் எத்தனையோ தடவை செய்தது. புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். கம்பளியில் புல்லையும் கல்லையும் சுருட்டி ஓட்டையில் திணித்து, மேலே சேற்றை அள்ளி மிதித்தேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. டர்பைன் சக்கரம் தளர்ந்ததைக் கண்டு ஃபாக்டரியிலிருந்து ஓடி வந்த என் கணவர், முழங்கால் சேற்றில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவரும் இறங்கினார்.

கொழுந்து தப்பியது. பாக்கியத்துக்குப் புதுக் கம்பளி வந்தது. பெரிய கிளாக்கர் அதற்குப்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே என் கணவர், "இனி ஞாயித்துக்கெழம வேல இல்லாதப்ப நானும் வர்றேன்" என்றார்.

அப்படித்தான் வட்டவளை வரைக்கும் ரயிலேறிப் போனோம். கீழே சிங்களக் கிராமத்தில் நெல் விளைகிறது, அதற்கு வாய்க்கால் உண்டு என்று கேள்வி. வாய்க்காலுக்குச் சிங்களத்தில் என்ன என்று ரயிலிலேயே அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். படிப்படியாக இறங்கும் பச்சை வயலைக் கண்டதும் அவரை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். வரப்பில் நின்ற ஒரு பெரியவர், "கொஹெத யன்னே?" என்றார். எங்கே போகிறாய் என்கிறார் என்பது புரிந்தது. "அல பலன்ன" என்றேன் பெருமையாக. வாய்க்கால் பார்க்க. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தோண்டத் தொடங்கினார். என் கணவர் வந்து சேர்ந்தபோது என் முந்தானை நிறையக் கிழங்கு.

"நான் சொன்னது எல, வாய்க்கால். நீ கேட்டது அல, கிழங்கு" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவர் விளக்கியதும் பெரியவரும் சிரித்தார். கிழங்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. வாய்க்காலின் கடைசி மடை வரை அவரே கூட வந்து காட்டினார்.

போன தை மாதம் நான்கு வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் தங்கையோடு ஆற்றங்கரையில் நடந்தேன். மாட்டுவண்டி போகும் அகலமான கரை. கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பி, "ஏன்க்கா பின்னாலயே வர்றே? பக்கத்துல வாயேன்" என்றாள். மலைப்பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும்; அது காலுக்குப் பழகிப்போயிருந்தது. எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொண்டேன். அவள் கதை சொன்னாள், நான் உம் கொட்டினேன். மதகு வந்தபோது பார்த்தால், மறுபடி அவள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.